பழைய லண்டன் வீட்டின் பலகைத் தரைக்குக் குளிர்காப்பு: முதல்முறை செய்கிறவர்களுக்கு

ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கங்களில் வீடு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது விக்டோரியா அல்லது எட்வர்ட் காலத்து வரிசை வீடுதான். 1870களுக்கும் முதல் உலகப் போருக்கும் இடையில் கட்டியவை. கூரைக்கடியில் முந்தைய சொந்தக்காரர் குளிர்காப்புப் பஞ்சு விரித்திருப்பார், சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி வந்திருக்கும், பாய்லரும் புதிதாக இருக்கும். இத்தனை இருந்தும் ஜனவரி மாதத்தில் முன்னறையில் உட்கார்ந்தால் கணுக்காலைக் குளிர் கடிக்கும். கம்பளத்தின் ஓரம் சுவரை ஒட்டிக் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகை இடுக்குகளின் வழியே பல ஆண்டுகளாக மேலேறி வந்த காற்று விட்டுச்சென்ற அழுக்கு அது.

அந்தத் தரை மண்ணில் படியவில்லை. கீழே வெற்று மண், அதன்மேல் குட்டைச் செங்கல் சுவர்கள், அவற்றின்மேல் ஏறத்தாழ 40 செ.மீ.க்கு ஒன்றாக மரச்சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகை. மரச்சட்டங்களை இங்கே எல்லோரும் ஜாயிஸ்ட் என்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். தெருப் பக்கமும் தோட்டப் பக்கமும் வெளிச்சுவரின் அடியில் துளையிட்ட செங்கற்கள் இருக்கும். அவை ஏர்பிரிக். அவற்றின் வழியே காற்று உள்ளே வந்து மண்ணின் ஈரத்தை வாரிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மரம் மட்காமல் இருப்பதற்கு அந்தக் காற்றுதான் காரணம், உங்கள் கால் சில்லிடுவதற்கும் அதுவேதான் காரணம்.

ஆகவே இந்த வேலைக்கு விதி ஒன்றே ஒன்று. தரைக்கு அடியில் காற்று தடையில்லாமல் ஓட வேண்டும், தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரக் கூடாது. பிழையாகச் செய்த தரைகளைத் திறந்து பார்த்தால், இந்த இரண்டில் ஒன்றைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

முதலில் உங்கள் தரை எது என்று பாருங்கள்

காலால் தட்டிப் பாருங்கள். பலகைத் தரை பொள்ளென்று ஒலிக்கும், கான்கிரீட் ஒலிக்காது. இந்த வகை வீடுகளில் முன்னறையும் நடு அறையும் நடைகூடமும் பலகையாக இருக்கும். பின்னால் நீண்டிருக்கும் சமையலறைப் பகுதி பெரும்பாலும் கெட்டித் தரை. இந்த வழிகாட்டி பலகைத் தரைக்கு மட்டும்.

பின்பு வெளியே போய் ஏர்பிரிக்குகளை எண்ணுங்கள். நம் ஆட்கள் வீடுகளில் அடிக்கடி காணும் இரண்டு சங்கடங்கள் இங்கேதான் தலைகாட்டும். ஒன்று, கார் நிறுத்துவதற்காக முன்தோட்டத்தைக் கான்கிரீட் போட்டு உயர்த்தியிருப்பார்கள், ஏர்பிரிக் பாதியோ முழுதுமோ புதைந்திருக்கும். மற்றொன்று, பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டியபோது பழைய வெளிச்சுவரின் துளைகளை அடைத்திருப்பார்கள். நல்ல கட்டடக்காரர் என்றால் புதிய கான்கிரீட் தரைக்குள்ளே குழாய் பதித்து, காற்றை எக்ஸ்டென்ஷனின் வெளிச்சுவர்வரை கொண்டு போயிருப்பார். அந்தச் சுவரின் அடியில் ஏர்பிரிக் எதுவும் தெரியவில்லையென்றால் குழாய் இல்லை என்றே கொள்ளலாம்.

எவ்வளவு துளை வேண்டும்? இங்கிலாந்தின் கட்டட விதிகள் புதிய வீடுகளுக்குச் சொல்லும் அளவைப் பழைய வீட்டுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1,500 சதுர மி.மீ. திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மி.மீ. இரண்டில் எது அதிகமோ அது. 5 மீட்டர் அகலமும் 8 மீட்டர் ஆழமும் உள்ள பலகைத் தரை என்றால் 40 சதுர மீட்டர், எனவே 20,000 சதுர மி.மீ. முன்னும் பின்னும் உள்ள 10 மீட்டர் சுவரைக் கணக்கிட்டால் 15,000தான் வரும். பெரியதை எடுங்கள். புதிய பிளாஸ்டிக் ஏர்பிரிக்கின் மேலுறையில் அதன் திறப்பளவு அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். அதே அளவுள்ள பழைய களிமண் செங்கல்லைவிடப் பல மடங்கு காற்றை அது விடும். பெயின்ட் அடித்தே துளைகளை மூடிவிட்ட பழைய இரும்புச் சல்லடைகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு கம்பியும் அரைமணி நேரமும் போதும்.

அடியில் எட்டிப் பார்த்தல்

குளிர்காப்புப் பொருள் ஒன்றையும் வாங்குவதற்குமுன் ஒவ்வோர் அறையிலும் ஒரு பலகையைக் கழற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பலகையாக இருந்தால் நல்லது, கெடுதல் ஆரம்பிக்கும் இடம் அதுதான். டார்ச்சும் கைப்பேசியும் இருந்தால் போதும், கைப்பேசியை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் முகர்ந்து பாருங்கள். உலர்ந்த மண்ணும் தூசியும் மணந்தால் நல்லது. காளான் வாடை அடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து ஜாயிஸ்ட் முனைகள். அவை சுவருக்குள் செருகப்பட்டோ, சுவர் ஓரத்துக் கட்டையின்மேல் அமர்ந்தோ இருக்கும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், கெட்டி மரம் எதிர்க்கும், மட்கிய மரத்தில் திருப்புளி இறங்கிவிடும். சிறு துளைகளும் புதிய மாவுபோன்ற தூளும் தென்பட்டால் மரப்புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அது பழைய கதையாக இருக்கக்கூடும். மரத்தில் கனசதுர வெடிப்புகளும், சுவரின்மேல் படரும் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூஞ்சையும் இருந்தால் அது உலர் அழுகல். அதைத் தனி நிபுணரிடம் விடுங்கள், இந்தக் கட்டுரையில் அதற்கு மருந்து இல்லை.

ஈரமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. அதன் இரு ஊசிகளையும் மரத்தில் பதித்தால் ஈர விகிதத்தைக் காட்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேலே போகலாம். அதற்கு மேலே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்: ஒழுகும் கழிவுக் குழாய், உடைந்த மழைநீர்க் குழாய், அடைபட்ட ஏர்பிரிக், வெளியே உயர்ந்துவிட்ட தரைமட்டம். காரணத்தைச் சரிசெய்து, மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். சில மாதங்கள் ஆகலாம். ஈரமான மரத்தின்மேல் பஞ்சைப் போர்த்துவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

பலகைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள குழியில் கட்டடக்காரர்கள் விட்டுச்சென்ற செங்கல், சாந்து, மரத்துண்டு எல்லாம் குவிந்திருக்கும். ஜாயிஸ்ட்டைத் தொடும் குப்பையைக் கண்டிப்பாக அள்ளி வெளியேற்றுங்கள். மண்ணின் ஈரத்தை மரத்துக்கு ஏற்றிவிடும் ஏணி அதுதான். ஆனால் அள்ளும்முன் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். பழைய குழாய் உறை, சாம்பல்நிறத் தகட்டுத் துண்டு, தரையில் ஒட்டிய பழைய டைல், அதன் கறுப்புப் பசை ஆகியவற்றில் சந்தேகம் வந்தால் நீங்கள் தொடாமல், தெரிந்த ஆளைக் கொண்டு மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

யாரிடம் கேட்க வேண்டும்

தரையில் பாதிக்கு மேற்பட்ட பரப்பைப் பிரித்துப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் கட்டட விதிகளைக் கவனிக்கும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தரைக்கு அவர்கள் எதிர்பார்க்கும் யூ-மதிப்பு 0.25. ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு, எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதுதான் அந்த எண், குறையக் குறைய நல்லது. ஜாயிஸ்ட் 100 மி.மீ. ஆழம் மட்டுமே உள்ள வீட்டில் பஞ்சு வகைகளைக் கொண்டு அந்த எண்ணைத் தொடுவது கடினம். முடிந்த அளவு செய்வதை ஏற்றுக்கொள்ள விதியில் இடமுண்டு, அதிகாரியிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் தனி அனுமதி வேண்டும். மாடி வேறு, தரைத்தளம் வேறு எனப் பிரித்த ஃபிளாட்டாக இருந்தால் லீஸ் பத்திரத்தைப் படியுங்கள், தரைக்குக் கீழே உள்ளது உங்களுடையதாக இல்லாமல் போகலாம். ஆள் வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஒப்பந்தக்காரரே பொருளும் வாங்கி வேலையும் செய்தால் குளிர்காப்புக்கு மதிப்புக்கூட்டு வரி (VAT) பூஜ்யம், இந்தச் சலுகை 2027 மார்ச் 31 வரை. நீங்களே கடையில் வாங்கினால் வழக்கமான 20 விழுக்காடு உண்டு.

மேலிருந்தா, கீழிருந்தா?

நிலவறை இருந்தாலோ, ஒருவர் தவழ்ந்து போகும் அளவுக்கு, அதாவது சுமார் 60 செ.மீ. குழி இருந்தாலோ, பலகையைத் தொடாமல் கீழிருந்தே செய்துவிடலாம். வீட்டில் வாழ்க்கை தடைப்படாது, சுவரின் அடியை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை உடையாது. ஆனால் மல்லாந்து படுத்து முகத்தில் தூசி கொட்டக் கொட்ட வேலை செய்ய வேண்டும். வெளியே ஒருவர் காவல் இல்லாமல் குழிக்குள் இறங்காதீர்கள். கீழிருந்து செய்வதில் வேறொரு குறையும் உண்டு. பலகைக்கு மேல்புறம் காற்றுத் தடுப்புப் படலம் போட முடியாது, அறைப்பக்கத்து இடுக்குகளைத் தனியாக அடைத்தாக வேண்டும்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு மேலிருந்து செய்வதையே நான் சொல்வேன். அறை நாசமாகும், உண்மைதான். ஆனால் செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஓரங்களுக்குக் கை எட்டும்.

எந்தப் பொருள்

கண்ணாடிப் பஞ்சு, கல்பஞ்சு, மரநார்ப் பஞ்சு, ஆட்டுரோமம் ஆகியவை மென்மையானவை, அழுத்திச் செருகலாம். பிஐஆர் எனப்படும் கெட்டி நுரைப்பலகை அதே தடிமனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நன்றாகக் குளிரைத் தடுக்கும். காகிதத்தில் அதுதான் வெல்லும். ஆனால் நூறாண்டுப் பழைய ஜாயிஸ்ட்டுகள் இரண்டுக்கு இடையே உள்ள அகலம் ஒரு முனையில் 350 மி.மீ., மறுமுனையில் 340 என்று இருக்கும், மரமும் முறுகியிருக்கும். கெட்டிப் பலகையை அதற்குச் சரியாக வெட்ட முடியாது, ஓரத்தில் விடும் ஒவ்வோர் இடுக்கிலும் குளிர்காற்று நுழையும். மென்பஞ்சை இடைவெளியைவிட 10 முதல் 20 மி.மீ. அகலமாக வெட்டிச் செருகினால் தானே விரிந்து பிடித்துக்கொள்ளும். பணம் இருந்தால் மரநார்ப் பஞ்சு எடுங்கள். வரும் ஈரத்தைச் சிறிது வாங்கி மெதுவாக விடும் குணம் அதற்கு உண்டு, கைக்கும் தொண்டைக்கும் அரிப்பு குறைவு. பணம் இறுக்கமென்றால் கல்பஞ்சு தாராளமாகப் போதும்.

பீய்ச்சி அடிக்கும் நுரையை நான் சொந்த வீட்டில் அனுமதிக்க மாட்டேன். மரத்தை மூடிக்கொண்டுவிடும், அடியில் என்ன நடக்கிறதென்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. கூரையில் அந்த நுரை அடித்த வீடுகளுக்குக் கடன் தர அடமானக் கம்பெனிகள் தயங்குவது இங்கே ஊரறிந்த விஷயம்.

பலகையைத் தூக்குதல்

பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கால் பட்டை, கையுறை, நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். பலகைகளுக்கு ஓரத்திலிருந்து 1, 2, 3 என்று சுண்ணக்கட்டியால் எண் போடுங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரிலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள், மேல்விளிம்பில் பெயின்ட் ஒட்டியிருக்கும் இடத்தைக் கத்தியால் கீறிவிட்டால் சுவர்ப்பூச்சு பெயராது.

மிகப் பழைய பலகைகள் விளிம்போடு விளிம்பு சேர்த்தவை, அகலமான உளியும் சிறு கடப்பாரையும் போதும். நாக்கும் பள்ளமும் கோத்த பலகையாக இருந்தால் முதல் பலகையின் நாக்கை அறுத்தாக வேண்டும். அறுக்கும் ரம்பத்தின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்கு, அதாவது 20 மி.மீ. அளவுக்கு, பூட்டிவிடுங்கள். அடியில் ஜாயிஸ்ட்டில் பள்ளம் வெட்டிப் பதித்த தண்ணீர்க் குழாயோ காஸ் குழாயோ மின்கம்பியோ பலகையை உரசிக்கொண்டு போகலாம். அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவதில் ஒரு நஷ்டமும் இல்லை. பழைய ஆணிகள் தட்டையானவை, அவற்றை மேலிருந்து பிடுங்கப் பார்த்தால் பலகை பிளக்கும். பலகையை அடியிலிருந்து நெம்பிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள்.

அறையை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டால் மேசை, சோபா எல்லாவற்றையும் மறுபாதியில் வைக்கலாம். திறந்த ஜாயிஸ்ட்டுகளின் குறுக்கே இரண்டு அகலப் பலகைகளைப் போட்டு அவற்றின்மேல் மண்டியிடுங்கள்.

தொட்டில், பஞ்சு, போர்வை

அடிப்படை அமைப்பு மூன்று அடுக்கு. ஆவியை விடும், காற்றை விடாத மென்படலத்தை முதலில் ஜாயிஸ்ட்டுகளின்மேல் தளர்வாக விரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் தொட்டில் சேலைபோலத் தொங்கவிடுங்கள். தொங்கல் ஆழம் பஞ்சின் தடிமனுக்குச் சமமாக இருக்கட்டும். ஜாயிஸ்ட்டின் பக்கவாட்டில் ஸ்டேப்ளரால் அடியுங்கள். சிலர் பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிடுவார்கள், மலிவு. ஆனால் வலையின் வழியே ஏர்பிரிக் காற்று நேராகப் பஞ்சுக்குள் புகுந்து அதன் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகும், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துப் படலத்தையே வாங்குங்கள். இந்த அடிப்பக்கத்தில் பாலித்தீன் மட்டும் கூடவே கூடாது. மேலிருந்து இறங்கும் ஆவி அதில் நீராகத் தேங்கி ஜாயிஸ்ட்டை நனைக்கும்.

அடுத்து பஞ்சு. நசுக்காமல், மேல்மட்டம் ஜாயிஸ்ட்டோடு சமமாக வரும்படி நிரப்புங்கள். பலகைக்கும் பஞ்சுக்கும் இடையில் வெற்றிடம் விட்டால் காற்று அங்கே சுழலும். கடைசி ஜாயிஸ்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே 30, 40 மி.மீ. சந்து ஒன்று இருக்கும், வேலைக்காரர்கள் தாண்டிப்போகும் இடம் அது. அறையின் நீளம் முழுக்க ஓடும் அந்தச் சந்தைத் துண்டுப் பஞ்சால் நிரப்புங்கள். முன்னறையின் வளைவுச் சன்னல் மேடைக்கு அடியிலும் கையை விட்டுச் செருகுங்கள், அறையிலேயே மிகக் குளிர்ந்த மூலை அதுதான். ஏர்பிரிக்குக்குப் போகும் வழியைப் பஞ்சு மறைக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாய்கள் பஞ்சுக்குக் கீழே போனால் இனிமேல் அவை இருப்பது முன்பைவிடக் குளிர்ந்த குழியில். உறையிட்டே ஆக வேண்டும். குக்கர், மின்ஷவர் போன்றவற்றின் தடித்த கம்பிகளைப் பஞ்சுக்குள் புதைத்தால் அவற்றின் சூடு வெளியேறாது, தாங்கும் மின்னோட்டம் குறையும். அவற்றைப் பஞ்சுக்கு வெளியே கொண்டுபோக எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பாலிஸ்டைரீன் பலகை பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: மின்கம்பியின் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் காலப்போக்கில் உறை கெட்டுவிடும். காஸ் குழாயில் நீங்கள் கை வைக்காதீர்கள், அதற்கு காஸ் வேலைக்காரர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்தான் வர வேண்டும்.

மூன்றாவது அடுக்கு, ஜாயிஸ்ட்டுகளின்மேல் அறை முழுவதும் விரிக்கும் காற்றுத் தடுப்புப் படலம். ஈரத்துக்கேற்ப ஆவியை விடும் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையை வாங்குங்கள். இரண்டு தாள்கள் சேருமிடத்தில் 100 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு, அதற்கென்றே விற்கும் டேப்பால் ஒட்டுங்கள். சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் மறைக்கும் உயரம்வரை படலத்தை மேலேற்றிச் சுவரோடு ஒட்ட வேண்டும். இங்கேதான் ஒரு சூட்சுமம். பழைய வீடுகளில் சுவர்ப்பூச்சு ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்போடு நின்றுவிடும், பின்னால் வெறும் செங்கல்லும் இடைவெளியும்தான். வெறும் செங்கல்லில் டேப் ஒட்டாது, ஒட்டினாலும் செங்கல் இடுக்குகள் வழியே காற்று வரும். அந்தப் பட்டையில் முதலில் ஒரு மெல்லிய சுண்ணாம்புச் சாந்து பூசி, காய்ந்தபின் படலத்தை ஒட்டுங்கள். ஒரு நாள் கூடுதலாகும். இந்த ஒரு நாளைச் சேமித்தவர்களின் அறையில்தான் வேலை முடிந்த பிறகும் காற்று வீசுகிறது.

பலகைகளை எண் வரிசையில் திரும்ப வையுங்கள். ஆணிக்குப் பதில் திருகாணி போடுங்கள், கிறீச்சொலி நிற்கும், நாளை திறக்கவும் முடியும். திருகாணிகள் படலத்தைத் துளைப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பலகை அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கணப்படுப்பின் முன்னால் உள்ள கல்மேடையை ஒட்டி மட்டும் எரியாத கல்பஞ்சைப் பயன்படுத்துங்கள்.

முடிந்த பிறகு

இத்தனை நாள் உங்கள் வீட்டுக்குக் கேட்காமலே காற்றோட்டம் தந்துவந்தது தரையின் ஓட்டைகள். அவற்றை அடைத்தபின் சமையல் ஆவியும் குளியலறை ஈரமும் போக வழி வேண்டும். தினமும் சோறும் சாம்பாரும் கொதிக்கும் வீட்டில், ஆவியை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும், அடுப்புக்குமேல் மாட்டும் புகைக்கூண்டு உதவாது. வெளியே தள்ளும் விசிறி பொருத்துங்கள். அறையில் புகைபோக்கியோடு கூடிய பழைய காஸ் கணப்பு இருந்தால், அது எரிவதற்கான காற்றும் இதே இடுக்குகளிலிருந்து வந்திருக்கலாம். மறுபடி பற்றவைக்கும்முன் கேஸ் சேஃப் ஆளைக் கூப்பிட்டுச் சோதியுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய ஒரு பலகையை எளிதில் கழற்றும்படி விட்டு, அதற்கடியில் படலத்தைக் கீறி மறுபடி டேப் போட்டுவையுங்கள். கீழே குழி இப்போது முன்பைவிடக் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த காற்று ஈரத்தைக் குறைவாகவே தாங்கும். அதனால் முதல் குளிர்காலத்தின் முடிவிலும், வெளியே புழுக்கமான ஆகஸ்டிலும் ஈரமானியை அதே ஜாயிஸ்ட்டில் குத்திப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 20க்குமேல் ஏறினால் முதலில் ஏர்பிரிக்குகளைப் பாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும், இந்த ஆண்டு கையில் பணமில்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பலகை இடுக்குகளில் அழுத்திச் செருகும் அடைப்புப் பட்டை கடையில் கிடைக்கும். ஸ்கர்ட்டிங்கின் கீழ்விளிம்புக்குப் பெயின்ட் ஏற்கும் அடைப்புப் பசை ஒரு குழாய் வாங்குங்கள். ஒரு வார இறுதியில் ஓர் அறை முடிந்துவிடும். கம்பளம் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே செய்துவிடுங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.